பாஸாவ் முதல் வியன்னா வரை: எந்தக் கரையில் போவது?

கேள்வி இதுதான்: "எங்கள் இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. பந்தயக்காரர்கள் இல்லை, காலையில் பத்து கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கிற பழக்கம் மட்டும் உண்டு. டான்யூப் ஆற்றங்கரையில் ஜெர்மனியின் பாஸாவிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை, பழைய ஊர்களைப் பார்த்தபடி ஒரு வாரம் போகலாம் என்கிறார்கள். எங்களால் முடியுமா? ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்? என்ன செலவாகும்?"

முடியும். நான் இந்த வழியில் மூன்று முறை போயிருக்கிறேன். முதலில் தனியாக, அடுத்து மனைவியோடு, கடைசியாக அக்கா குடும்பத்தோடு. அக்காவுக்கு அப்போது 58 வயது, கல்லூரி நாட்களுக்குப் பிறகு சைக்கிளைத் தொட்டதில்லை. இரண்டு மாதம் ஊரில் பழகிவிட்டு வந்தார். வியன்னா வரைக்கும் முழுதாக ஓட்டினார்.

மொத்தம் சுமார் 320 கிலோமீட்டர். ஆற்றின் போக்கிலேயே போகிறீர்கள், மேடு என்று சொல்ல எதுவும் கிடையாது. அதற்காக, மிதிக்காமல் உருண்டே போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். இந்தத் தூரத்துக்கு ஆறு இறங்குவது சுமார் 130 மீட்டர்தான். அது காலுக்குத் தெரியவே தெரியாது. உதவிக்கு வருவது காற்று. பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசி முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும். எல்லோரும் வியன்னாவில் தொடங்காமல் பாஸாவில் தொடங்குவதற்கு ஒரு காரணம் அதுதான்.

பாதை இவ்வளவு சமமாக இருப்பதற்குக் குதிரைகளுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். நீராவிக் கப்பல் வருவதற்கு முன், கீழே போகும் படகுகளை ஆறே கொண்டுபோய்விடும். எதிர்த்து மேலே வரவேண்டிய ஒயினையும் தானியத்தையும் கரையிலிருந்து குதிரைகள்தான் கயிறு கட்டி இழுத்தன. பெரிய படகு வரிசை என்றால் நாற்பது குதிரைகள்கூடப் பூட்டுவார்கள். அவை நடந்த பாதைக்கு ஆஸ்திரியாவில் டிரெப்பெல்வேக் என்று பேர். 1980களில் அதைத்தான் பல இடங்களில் சைக்கிள் பாதையாக்கினார்கள். பாரம் இழுத்த குதிரை ஏறாத மேட்டை நீங்களும் ஏற வேண்டியதில்லை.

சரி, எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு நாளைக்கு 40 முதல் 60 வரை, ஏழு நாள். ஆனால் தினமும் காலையில் நீங்கள் உண்மையில் முடிவு செய்யவேண்டியது வேறு: இன்றைக்கு எந்தக் கரை? காவிரித் தலங்களை வடகரை, தென்கரை என்று பிரித்துச் சொல்வோமே, அதே கணக்குதான் இங்கும். பெரும்பாலான இடங்களில் இரண்டு கரையிலும் பாதை இருக்கிறது. ஒன்றில் மரநிழலும் பறவைச் சத்தமும். இன்னொன்றில் லாரி ஓடும் நெடுஞ்சாலையை ஒட்டிய பட்டை. பத்திருபது கிலோமீட்டருக்கு ஒருமுறை இது இடம் மாறும். அட்லாண்டிக் கடற்கரையிலிருந்து கருங்கடல் வரை போகும் யூரோவெலோ 6 என்ற நெடும்பாதையின் ஒரு துண்டு இது என்பதால் வழியெல்லாம் பலகை இருக்கும். வழி தவற மாட்டீர்கள். கரைதான் தவறும். என் முதல் பயணத்தில் பாதி நாள் தப்பான கரையில், லாரிப் புகையில் ஓட்டிவிட்டு, அக்கரையில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு போகிறவர்களை ஏக்கத்தோடு பார்த்தேன்.

அதனால் நாள்வாரியாகக் கரையையும் சேர்த்தே சொல்கிறேன்.

பாஸாவில் கட்டாயம் ஒரு இரவு தங்குங்கள். ஜெர்மனியின் எல்லை ஊர். மூன்று ஆறுகள் சேரும் முனையில் போய் நின்றால் மூன்று நிறம் தெரியும். ஆல்ப்ஸ் மலையிலிருந்து வரும் இன் ஆறு பாலில் பச்சையைக் கலக்கினதுபோல இருக்கும். சதுப்பு நிலத்திலிருந்து வரும் சின்னஞ்சிறு இல்ஸ் கறுப்பு. நடுவில் டான்யூப். நீல டான்யூப் என்பதெல்லாம் பேருக்குத்தான். நான் பார்த்த நாளெல்லாம் பச்சைக்கும் பழுப்புக்கும் நடுவில் ஏதோ ஒரு நிறம். பழைய நகராட்சிக் கட்டடத்தின் சுவரில் வெள்ளம் ஏறிய உயரங்களைக் கோடு போட்டு ஆண்டு எழுதியிருக்கிறார்கள். 2013 ஜூனில் ஆறு 12.89 மீட்டர் உயர்ந்தது. 1501க்குப் பிறகு வந்த பெரிய வெள்ளம் அது. அந்தக் கோட்டை அண்ணாந்து பார்த்தபிறகு, ஆற்றை ஒட்டிய கடைக்காரர்கள் சரக்கை ஏன் மாடியில் வைக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றாது. பேராலயத்தில் 17,974 குழல்கள் கொண்ட ஆர்கன் இருக்கிறது. வாசிக்கும் நேரத்துக்கு உங்கள் பயணம் ஒத்துவந்தால் விடாதீர்கள்.

சைக்கிளை இங்கேயே வாடகைக்கு எடுத்து வியன்னாவில் விட்டுவிடலாம். ஊரிலிருந்து சைக்கிளைப் பெட்டியில் கட்டி விமானத்தில் தூக்கிவர வேண்டாம். எடுக்கும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: பின்னோக்கி மிதித்தால் பிரேக் பிடிக்குமா? இந்தப் பக்கத்து வாடகை சைக்கிள்களில் அப்படி ஒரு வகை உண்டு. நமக்கோ குரங்கு பெடல் காலத்திலிருந்தே பெடலைப் பின்னால் சும்மா சுற்றுகிற பழக்கம். முதல் சிக்னலில், காலை ஊன்றுவதற்கு வாகாகப் பெடலை மேலே கொண்டுவர நான் பின்னால் ஒரு சுற்றுச் சுற்றினேன். சைக்கிள் அறைந்தாற்போல நின்றது. பின்னால் வந்த மனைவி என் கேரியரில் மோதினார். பாஸாவை விட்டு இன்னும் ஒரு கிலோமீட்டர்கூடப் போகவில்லை. சாதாரணமாகச் சுற்றும் வகையும் வைத்திருப்பார்கள், முன்பதிவிலேயே கேட்டு வாங்குங்கள். சீட்டை உங்கள் உயரத்துக்கு ஏற்றிவைத்து, அந்த இடத்தில் கம்பியில் ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். இரண்டு நாளில் அது மெல்ல இறங்கும், முழங்கால் வலிக்கும்போதுதான் தெரியும். இன்னொன்று, அங்கே வலப்பக்கம்தான் போகவேண்டும். பாதையில் மறக்காது. ஆளில்லாத கிராமத்துத் தெருவில் திரும்பும்போதுதான் மறக்கும்.

முதல் நாள், பாஸாவிலிருந்து ஷ்லோகன் வரை, 40 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். வடகரையில் போங்கள். தொடக்கத்தில் சாலையை ஒட்டித்தான் போகும். யோஹென்ஸ்டைன் அணைமின்நிலையத்தைத் தாண்டியதும் கார்ச் சத்தமே இல்லாமல் காடும் ஆறும் மட்டும். எல்லை எங்கே முடிந்தது என்றே தெரியாமல் ஆஸ்திரியாவுக்குள் வந்திருப்பீர்கள்.

ஷ்லோகனில் ஆறு கிரானைட் மலையில் முட்டி, வந்த திசையிலேயே திரும்பிப் போகிறது. வடகரைப் பாதை அந்த வளைவில் நின்றுவிடும். செங்குத்துப் பாறை, சாலை போட இடமில்லை. அங்கிருந்து சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு போகும் சின்ன ஓடங்கள் இருக்கின்றன. ஒன்று தென்கரைக்குப் போகும், மற்றொன்று அதே வடகரையில் பாறையைக் கடந்து கொண்டுவிடும். நான் முதல் முறை மாலையில் சாவகாசமாகப் போய்ச் சேர்ந்தேன். ஓடம் அக்கரையில் கட்டிக்கிடந்தது. என் அறை இருந்ததும் அக்கரையில்தான், ஜன்னல் விளக்குகூடத் தெரிந்தது. ஓடக்காரர் மேல் பழிபோட முடியாது. பலகையில் கடைசி நேரம் தெளிவாக எழுதியிருந்தது, பாதி மைல் முன்னாலேயே படித்திருக்க வேண்டும். ஏழெட்டு கிலோமீட்டர் திரும்பி மிதித்து நீடர்ரானா பாலத்தில் ஆற்றைக் கடந்து, அதே தூரம் மறுபடி வந்தேன். ஏப்ரலிலும் அக்டோபரிலும் ஓடங்கள் இன்னும் சீக்கிரம் நின்றுவிடும். தினமும் காலையில் அன்றைய கடைசி ஓடம் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

ஷ்லோகனில் சைக்கிளைப் பூட்டிவிட்டு அரைமணி நேரம் மலையேறுங்கள். ஆறு வளைவது முழுதாகத் தெரியும் ஒரு மேடை இருக்கிறது. பாஸாவுக்கும் வியன்னாவுக்கும் நடுவில் எனக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன், மெல்க் மடத்தை இல்லை.

இரண்டாம் நாள் லின்ஸ் வரை, ஐம்பது சொச்சம். ஆஷாஹ் வரை தென்கரை, அங்கே பாலத்தில் கடந்து வடகரையில் ஓட்டன்ஸ்ஹைம். அங்கே மறுகரைக்குப் போகவேண்டிய தேவை இல்லாவிட்டாலும் கம்பி ஓடத்தில் ஒரு தடவை போய்வாருங்கள். ஆற்றுக்குக் குறுக்கே உயரத்தில் ஒரு இரும்புக் கம்பி. அதிலிருந்து தொங்கும் கயிறு ஓடத்தைப் பிடித்திருக்கிறது. ஓட்டுகிறவர் ஓடத்தை நீரோட்டத்துக்குச் சற்றுச் சாய்வாகத் திருப்புகிறார், அவ்வளவுதான். ஆறு அதைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே அக்கரை சேர்த்துவிடுகிறது. எஞ்சின் சத்தமே இல்லை. கார்கள் நாலைந்து ஏறி நிற்கின்றன, ஒருவரும் பேசவில்லை, பலகைக்கு அடியில் தண்ணீர் சலசலப்பது மட்டும் கேட்கிறது. இறங்கும் கரையில் வில்ஹெரிங் மடத்தின் கோயில் இருக்கிறது. வெளியே சாதாரணம், உள்ளே ஓர் அங்குலம்கூட வெறும் சுவர் விடாமல் வேலைப்பாடு. பார்த்துவிட்டு அதே ஓடத்தில் திரும்பி வந்து வடகரையில் லின்ஸுக்குப் போகவேண்டும். அந்தக் கடைசித் துண்டு நெடுஞ்சாலையை ஒட்டியது, இரைச்சல்தான். தலையைக் குனிந்துகொண்டு மிதித்து முடித்துவிடுங்கள்.

லின்ஸ் தொழில் நகரம். பெரிய சதுக்கம், நல்ல காபி, லின்ஸர் டோர்ட் என்ற பாதாம் வாசனைக் கேக். கோள்களின் பாதையைக் கணக்கிட்ட கெப்ளர் 1612 முதல் பதினான்கு ஆண்டு இங்கே இருந்தார். ஒரு மாலை போதும்.

மூன்றாம் நாள்தான் நீளமானது. கிரைன் வரை 60 கிலோமீட்டரைத் தாண்டும். வடகரை. இந்தத் துண்டில் அழகு குறைவு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆஸ்திரிய டான்யூபில் மட்டும் பத்து அணைமின்நிலையங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு இடையில் ஆறு ஏரிபோல அசையாமல் நிற்கும், பக்கத்தில் கரைமேட்டில் நேர்கோடாகப் பாதை. பொழுதுபோக, ஆற்றங்கரையில் நட்டிருக்கும் கிலோமீட்டர்ப் பலகைகளைப் பாருங்கள். டான்யூபுக்குக் கணக்கு தலைகீழ். கருங்கடல் முகத்துவாரம்தான் பூஜ்யம், அங்கிருந்து மேல்நோக்கி எண்ணுகிறார்கள். பாஸாவில் 2,226 என்று தொடங்கி, நீங்கள் போகப்போகக் குறைந்து, வியன்னாவின் பெரிய பாலத்தில் 1,929 ஆகும். அக்கா மகன் ஒவ்வொரு பலகையையும் உரக்கப் படித்துக்கொண்டு வந்தான். நூறு கடந்தபோது எல்லோரையும் நிறுத்தி பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தான்.

இதே நாளில் மௌத்தவுசன் வரும். ஆற்றங்கரையில் பார்த்தால் பூந்தொட்டி வைத்த ஜன்னல்களோடு ஒரு சாதாரண ஊர். மேலே குன்றில், நாஜிகள் 1938 முதல் 1945 வரை நடத்திய வதைமுகாம். சுமார் 1,90,000 பேரை இந்த முகாமிலும் அதன் கிளை முகாம்களிலும் அடைத்தார்கள். குறைந்தது 90,000 பேர் செத்தார்கள். இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் கிரானைட் குவாரி. கைதிகள் முதுகில் கல்லைச் சுமந்து 186 படி ஏறவேண்டும். மேலே போகும் சாலை, இந்தப் பயணம் முழுவதிலும் உண்மையான ஏற்றம் என்று சொல்லக்கூடியது. நாங்கள் பாதிக்கு மேல் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனோம். வாடகைக் கார் பிடித்தும் போகலாம். அரைநாள் ஒதுக்குங்கள். ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டுக் கிரைனுக்கு ஓடலாம் என்று நினைத்தால் போகாமலே இருப்பது மேல். அக்கா குடும்பத்தோடு போனபோது இதற்காகவே அந்த இரவு மௌத்தவுசனிலேயே தங்கி, பயணத்தை எட்டு நாளாக்கினோம். அன்று மாலை யாரும் அதிகம் பேசவில்லை.

நாலாம் நாள் கிரைனிலிருந்து மெல்க், ஐம்பது கிலோமீட்டர். இங்கே கரை தப்பக்கூடாது. கிரைன் இருப்பது வடகரையில், ஆனால் அடுத்த இருபது கிலோமீட்டருக்கு நல்ல பாதை தென்கரையில். காலையில் சைக்கிள் ஓடத்தில் கடந்துவிடுங்கள், அல்லது ஊருக்குச் சற்று மேற்கே உள்ள பாலத்தில். இந்தக் குறுகலான பள்ளத்தாக்கில் ஒருகாலத்தில் பாறையும் சுழலும் படகுகளை விழுங்கிக்கொண்டிருந்தன. பாறைகளை வெடிவைத்துத் தகர்த்த பிறகும், அணை கட்டித் தண்ணீர் உயர்ந்த பிறகும்தான் அந்தப் பயம் போயிற்று. கிளம்பும் முன் கிரைனின் பழைய நாடகக் கொட்டகையை எட்டிப்பாருங்கள். 1791இல் தொடங்கியது, ஊர்க்காரர்கள் தங்களுக்காகவே கட்டிக்கொண்டது. பெட்டிக்கடை அளவுதான்.

இப்ஸில் அணைமேல் சைக்கிளிலேயே வடகரைக்குக் கடந்து, மெல்குக்கு முன்னால் இன்னொரு அணையில் திரும்பத் தென்கரைக்கு வரலாம். பராமரிப்பு வேலை நடந்தால் இந்த அணைவழிகளை மூடிவிடுவார்கள், மாற்றுவழிப் பலகையைக் கவனியுங்கள்.

மெல்கில் பாறைமேல் மஞ்சள் நிறத்தில் அந்தப் பெரிய பெனடிக்டைன் மடம். துறவிகள் 1089 முதல் அங்கே இருக்கிறார்கள். இப்போது பார்க்கும் கட்டடம் 1702இல் தொடங்கி 1736இல் முடிந்தது, பிராண்ட்டாவர் என்ற கட்டடக்கலைஞர் வடிவமைத்தது. நூலகத்துக்காகவே போகலாம். மதியம் பயணிக் கப்பல்கள் வந்து கூட்டத்தை இறக்கிவிடும். ஒன்று காலையில் திறந்ததும் போங்கள், இல்லையென்றால் மாலையில்.

இனி மெல்குக்கும் கிரெம்ஸுக்கும் நடுவில் உள்ள 36 கிலோமீட்டர், வாஹாவ். எல்லோரும் இதை ஒரே நாளில், அதுவும் மதியத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். ஏழு நாள் கணக்கில் எங்காவது ஒரு நாள் கூட்ட முடிந்தால் அதை இங்கேதான் கூட்டவேண்டும். மலைச்சரிவு முழுக்கச் சாந்து பூசாமல் அடுக்கிய கல்சுவர்ப் படிகள், படிகளில் திராட்சைக் கொடி, கீழே சமவெளியில் ஆப்ரிகாட் பழத்தோப்பு. இவர்கள் அதை மரில்லே என்பார்கள். ஏப்ரலில் பூ, ஜூலையில் பழம். ஜூலையில் போனால் பாதையோரம் மேஜை போட்டுப் பழம் வைத்திருப்பார்கள், ஆள் இருக்கமாட்டார். பக்கத்தில் ஒரு டப்பா, காசைப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ளவேண்டியதுதான். உருளைக்கிழங்கு மாவிலோ பாலாடைக்கட்டி மாவிலோ முழுப்பழத்தை வைத்து உருட்டி வேகவைத்து, வறுத்த ரொட்டித்தூளில் புரட்டித் தருவார்கள். நம் பூரணக் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி. சூடாக வெட்டினால் சாறு தெறிக்கும், வெள்ளைச் சட்டை வேண்டாம்.

இங்கே ஆறும் ஓடுகிறது என்பதைச் சொல்லவேண்டும். இந்தப் பள்ளத்தாக்கிலும் அணை கட்டத் திட்டம் இருந்தது. ஊர்க்காரர்கள் விடவில்லை. அதனால் ஆஸ்திரியாவில் டான்யூப் அணைகளுக்குள் அடங்காமல் ஓடும் இரண்டே துண்டுகளில் இது ஒன்று. மற்றது வியன்னாவுக்குக் கிழக்கே. மூன்று நாள் ஏரிநீரைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு அந்த வேகம் உடனே தெரியும். யுனெஸ்கோ 2000இல் வாஹாவை உலகப் பாரம்பரிய இடமாக்கியது.

கரை? இரண்டுமே நன்றாக இருக்கும் ஒரே இடம். வடகரையில் ஊர்களும் கூட்டமும், தென்கரையில் தோப்பும் அமைதியும். என் வழி இது: ஸ்பிட்ஸ் வரை வடகரையில் போவேன், வில்லன்டோர்ஃப் அங்கே வருகிறது என்பதற்காக. 1908இல் ரயில்பாதை போடும்போது தோண்டிய இடத்தில் 11 சென்டிமீட்டர் உயரச் சுண்ணக்கல் பெண்ணுருவம் கிடைத்ததே, அந்த ஊர். செய்து சுமார் 30,000 ஆண்டு ஆகிறது. அசல் வியன்னாவின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது, கடைசி நாளில் பார்த்துக்கொள்ளலாம். ஸ்பிட்ஸில் இன்னொரு கம்பி ஓடத்தில் தென்கரைக்குப் போய், தோப்புகளுக்கு நடுவே ரோஸாட்ஸ் வரை. அங்கிருந்து பார்த்தால்தான் டூர்ன்ஸ்டைன் அழகு: ஆற்றோரம் நீலநிறக் கோபுரம், மேலே இடிந்த கோட்டை. அந்தக் கோட்டையில்தான் இங்கிலாந்து அரசர் முதலாம் ரிச்சர்டை 1192ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஆஸ்திரியப் பிரபு ஐந்தாம் லியோபோல்ட் சிறைவைத்தார். சிலுவைப்போரில் ஆக்ரே கோட்டையைப் பிடித்தபோது லியோபோல்டின் கொடியை இறக்கி அவமானப்படுத்தியதற்குப் பழி. விடுவிக்கக் கொடுத்த வெள்ளியில் லியோபோல்டின் பங்கு, வியன்னாவின் மதிலுக்கும் போயிற்று. ரோஸாட்ஸிலிருந்து சின்னப் படகு ஒன்று சைக்கிளோடு டூர்ன்ஸ்டைனில் விட்டுவிடும்.

திராட்சைத் தோட்டக்காரர்கள் தங்கள் ஒயினைத் தங்கள் முற்றத்திலேயே விற்பார்கள். வாசலில் தழைக்கொத்து தொங்கினால் திறந்திருக்கிறது என்று அர்த்தம். ஓட்டுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, ஆஸ்திரியாவில் சைக்கிளுக்கும் மது அளவு வரம்பு உண்டு. ராட்லர் என்று கேட்டால் பாதி பீர், பாதி எலுமிச்சை சோடா வரும். அந்தச் சொல்லுக்கே சைக்கிள்காரன் என்றுதான் பொருள். மது வேண்டாம் என்பவர்களுக்கு ஆப்பிள் சாற்றில் சோடா கலந்து கிடைக்கும், வெயிலில் அதற்கு ஈடில்லை.

நீங்கள் சைவமா என்று சொல்லவில்லை. சைவம் என்றால் பட்டினி கிடக்கமாட்டீர்கள், ஆனால் நாலாம் நாளில் பாலாடைக்கட்டி அலுத்துவிடும். சூப் விஷயத்தில் கவனம். ஃபிரிட்டாட்டன் சூப் என்று ஒன்று, தோசையைச் சுருட்டி நூல்நூலாக நறுக்கிப் போட்டதுபோல வரும், பார்த்தால் நம் வீட்டுச் சாப்பாடுதான். சாறு மாட்டெலும்பில் இறக்கியது. கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். அப்புறம், பல கிராமத்து உணவகங்களில் மதியம் இரண்டுக்கு அடுப்பை அணைத்தால் மாலைதான் ஏற்றுவார்கள். வாரத்தில் ஒருநாள் விடுமுறை வேறு. ஞாயிறு கடைகளும் கிடையாது. சனிக்கிழமை மாலையே ரொட்டி, பழம், கடலை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

கிரெம்ஸிலிருந்து டுல்ன், 45 கிலோமீட்டர், தென்கரை. சமவெளி, காற்று. வழியில் ஸ்வென்டென்டோர்ஃப் அணுமின்நிலையத்தின் புகைபோக்கி தெரியும். பயப்படவேண்டாம், அது ஒருநாளும் ஓடியதில்லை. முழுதாகக் கட்டிமுடித்துத் திறக்கும் தறுவாயில், 1978 நவம்பர் 5 அன்று மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். வேண்டாம் என்றவர்கள் 50.47 சதவீதம். சுமார் 30,000 வாக்கு வித்தியாசம். அவ்வளவு பெரிய கட்டடத்தை அப்படியே பூட்டிவிட்டார்கள். வேலியோரம் நின்று தண்ணீர் குடித்துவிட்டுப் போனோம், எனக்கென்னவோ மெல்க் மடத்தைவிட இது நினைவில் நின்றது. டுல்ன், ஓவியர் ஏகன் ஷீலே 1890இல் பிறந்த ஊர்.

கடைசி நாள் 35, 40 கிலோமீட்டர். தென்கரையிலேயே குளோஸ்டர்நாய்பர்க் மடத்தைத் தாண்டி நுஸ்டோர்ஃப் வரும். அங்கே கடைசியாக ஒரு கரைக் கேள்வி. வலப்பக்கம் டான்யூப் கால்வாயைப் பிடித்தால் ஊரின் நடுவுக்கே போய்விடலாம், பாதைச் சுவரெல்லாம் ஸ்பிரே ஓவியம். இடப்பக்கம் பாலத்தைக் கடந்தால் 21 கிலோமீட்டர் நீளத் தீவு. வெள்ளநீரைப் பிரித்துவிட வெட்டிய புதுக்கால்வாயின் மண்ணைக் கொட்டி உண்டாக்கியது, இப்போது ஊர்க்காரர்கள் நீந்துகிறார்கள். மதியத்துக்குள் வந்துவிட்டால் தீவுக்குப் போய்க் காலை நனைத்துவிட்டு அப்புறம் ஊருக்குள் போங்கள்.

இப்போது உடம்பும் காசும். கால் வலிக்காது, உட்காரும் இடம்தான் வலிக்கும். அதுவும் முதல் நாளில்லை, மூன்றாம் நாள் காலையில். இதற்கு மருந்து பழக்கம் மட்டுமே. கிளம்புவதற்கு முன் இரண்டு மாதம், வாரத்துக்கு ஒருமுறை 30 கிலோமீட்டர், ஒருமுறையாவது அடுத்தடுத்த இரண்டு நாளும் 40. பஞ்சு தைத்த சைக்கிள் டிரவுசர் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள், உள்ளாடை இல்லாமல் போடவேண்டியது அது. மெத்மெத்தென்று அகலமான ஜெல் சீட் உறை பார்க்கத்தான் சுகம், இருபது கிலோமீட்டரில் தொடையை உரசிப் புண்ணாக்கிவிடும்.

மின்சைக்கிள் தேவையா என்றால், இந்தச் சமதளத்துக்கு இல்லை. எதிர்க்காற்று அடிக்கும் நாளில் மட்டும் ஆசை வரும். ஒருவர் பலம் மற்றவரைவிட மிகக் குறைவு என்றால் அவருக்கு மட்டும் எடுங்கள், அப்போது இருவரும் சேர்ந்து போகலாம். ஆனால் அது கனம், ஓடத்திலும் படிக்கட்டிலும் தூக்கும்போது தெரியும்.

பெட்டியை ஓட்டலிலிருந்து ஓட்டலுக்கு வேனில் கொண்டுபோய் வைக்கும் ஏற்பாடும் கிடைக்கும். சுகம்தான். ஆனால் எல்லா இரவும் எங்கே என்று முன்பே முடிவாகிவிடும், மழை வந்தாலும் ஓட்டியாகவேண்டும். நான் கேரியரின் இரண்டு பக்கமும் மாட்டும் பைகளில் ஆளுக்கு ஏழு கிலோவுக்குள் கட்டிக்கொள்வேன். இரண்டு செட் துணி, தினமும் துவைத்துப் போடு. மழைக்கோட்டு, ஒரு உதிரி டியூப், பம்ப். கட்டிமுடித்த பையைத் தூக்கி மாடிப்படி ஏறிப்பாருங்கள், எதை எடுத்துவிடலாம் என்று தானே தெரியும்.

செலவு: விமானமும் விசாவும் நீங்கலாக, எங்கள் இருவருக்கும் எட்டு இரவுக்குச் சுமார் 2,000 யூரோ ஆயிற்று. பெரும்பங்கு தங்குமிடம். காலைச் சாப்பாட்டோடு இருவர் அறை நூறு யூரோவைச் சுற்றி, வாஹாவில் கூடுதல். சைக்கிள் வாடகை ஆளுக்கு நூறு யூரோவை ஒட்டி, மின்சைக்கிள் அதைப்போல இரண்டு மடங்கு. பள்ளி விடுமுறையான ஜூலை, ஆகஸ்டில் அறை கிடைப்பது பெரும்பாடு. மே கடைசியிலோ செப்டம்பரிலோ போங்கள். செப்டம்பரில் திராட்சை அறுவடையும் பார்க்கலாம்.

விசாவில் ஒரு சூட்சுமம். ஜெர்மனியில் இறங்கினாலும், அதிக இரவு தங்குவது ஆஸ்திரியாவில் என்பதால் ஷெங்கன் விசாவுக்கு ஆஸ்திரியாவிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும், அதில் சைக்கிள் ஓட்டும்போது விழுந்தாலும் பணம் தருவார்களா என்று படித்துப் பாருங்கள். எல்லா இரவுக்கும் அறை உறுதிச்சீட்டு கேட்பார்கள். இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறைகளாகப் போட்டுக் கொடுத்துவிட்டு, விசா கையில் வந்தபிறகு உங்கள் வேகத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். திரும்பும் விமானம் மியூனிக்கிலிருந்து என்றால் வியன்னாவிலிருந்து பாஸாவுக்கு ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம், அங்கிருந்து மியூனிக். ஏறியதும் ஜன்னலோரம் தேடி அலையவேண்டாம், பாதி வழி ஆறு தெரியாது.